கரையில் நிற்கும் தகப்பன்

கடந்த கோடை விடுமுறையில், மறைக்கல்வி வகுப்புகள் நிறைவுற்ற நாள் மாலையில், சாயர்புரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பழைய ரஷ்யத் திரைப்படத்தைக் காட்டினோம். 1962ஆம் ஆண்டில் லெனின்கிராடு நகரின் லென்ஃபிலிம் படப்பிடிப்பகம் உருவாக்கிய படம் அது. அதன் பெயரைத் தமிழில் 'நீர்நில மனிதன்' என்று சொல்லலாம். சுறாமீனின் செவுள்கள் பொருத்தப்பெற்று, நீருக்குள்ளும் நிலத்தின் மேலும் மூச்சுவிடக்கூடியவனாய் வளர்ந்த ஓர் இளைஞனின் கதை. திரையின் அடியில் ஓடிய ஆங்கில வரிகளை நாம் அருகில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தோம். பிள்ளைகள் கண்ணிமைக்காமல் பார்த்தனர்.

பார்த்தவர்களுள் முதியவர் ஒருவரும் இருந்தார். தூத்துக்குடிக் கடலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சங்கு குளித்தவர். கால்களில் உணர்வு குன்றியபின் கடலை விட்டு, மகள் வீட்டோடு இங்கு வந்து தங்கியிருப்பவர். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம், "நூலில் இப்படி இல்லை, அதில் இந்த இளைஞன் மருத்துவரின் மகன் அல்லன், முத்துக் குளிக்கும் ஓர் ஏழையின் மகன்" என்று போகிறபோக்கில் சொல்லிவைத்தோம். பிள்ளைகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. முதியவர் மட்டும் நம்மை நிமிர்ந்து பார்த்து, "அப்போ அந்தத் தகப்பன் எங்க சாமி?" என்று கேட்டார்.

அன்றிரவு அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நூலை மீண்டும் எடுத்துப் படித்தோம். படத்தையும் தனியே இருந்து மறுமுறை பார்த்தோம். ஒரு மக்களின் விந்தைக் கதை திரைக்கு ஏறி, அம்மக்களை அறியாத வெளியார் முன் வைக்கப்படும்போது, அதிலிருந்து முதலில் இறக்கி விடப்படுபவர் யார்? முத்துக் கடற்கரையைச் சேர்ந்த நமக்கு இது வெறும் கலைத்துறைக் கேள்வி அன்று. ஆதலின் நாம் கண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

குருவின் மகன் எழுதிய நூல்

நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில் மாஸ்கோவில் அச்சான நூல்கள் தமிழ்நாட்டில் மிக மலிவாகக் கிடைத்தன. நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தார் ஊர்தோறும் கண்காட்சி வைத்து விற்ற நூல்கள் அவை. தல்ஸ்தோயையும் செகாவையும் தமிழிலேயே படித்தோம். அவற்றோடு கலந்து கிடந்த ஆங்கில நூல்களுள் ஒன்றாகத்தான் இப்புதினமும் நம் கைக்கு வந்தது. கடவுளை மறுக்கும் நாட்டிலிருந்து வந்த நூல் என்று உடன் பயின்றவர்கள் கேலி செய்ததும், அதில் வரும் ஆயரைக் கண்டு நாம் முகம் சுளித்ததும் நினைவில் உள்ளன. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் அந்நூல்களின் வரத்தும் நின்றுபோயிற்று.

இதன் ஆசிரியர் அலெக்சாந்தர் பெலாயெவ். 1884இல் ஸ்மொலென்ஸ்க் நகரில், மரபுவழித் திருச்சபையின் குரு ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தவர். தந்தையின் விருப்பப்படி குருமடத்தில் சேர்ந்து 1901இல் படிப்பை முடித்தார். ஆயினும் குருத்துவத்தை நாடாது சட்டம் பயின்று வழக்குரைஞரானார். முப்பது வயதைக் கடந்தபின் முதுகெலும்பைத் தாக்கிய காசநோய் அவரைப் பல ஆண்டுகள் படுக்கையில் கிடத்திற்று. அவற்றுள் நெடுங்காலம் மாவுக்கட்டுக்குள் அசைவற்றுக் கிடந்தார். கையையும் காலையும் அசைக்க இயலாமற் கிடந்த அந்த மனிதரே, ஆழ்கடலில் தடையின்றி நீந்தும் ஓர் உடலைப் பின்னர்க் கற்பனை செய்தார். 1928இல் 'உலகைச் சுற்றி' என்னும் ரஷ்ய இதழில் தொடராகவும், அவ்வாண்டிலேயே நூலாகவும் இப்புதினம் வெளிவந்தது. 1942 சனவரியில், செருமானியப் படை கைப்பற்றியிருந்த புஷ்கின் நகரில், பட்டினிக் கொடுமைக்கு இடையே அவர் உயிர் பிரிந்தது.

கதைமாந்தரின் பெயர்களைக் கவனித்தால் குருமடப் படிப்பின் சுவடு தெரியும். இளைஞனின் பெயர் இக்தியாண்டர். கிரேக்கத்தில் மீனையும் மனிதனையும் குறிக்கும் இரு சொற்களின் கூட்டு அது. மீன் என்னும் அந்தக் கிரேக்கச் சொல், தொடக்கத் திருச்சபையில் நம் ஆண்டவரின் மறைவான அடையாளமாய் விளங்கியதை வாசகர்கள் அறிவர். அறுவை மருத்துவரின் பெயர் சல்வாத்தோர்; இலத்தீனில் மீட்பர் என்று பொருள். குழந்தையை அவரிடம் கொண்டு சேர்த்தவன் பெயர் கிறிஸ்தோ. கிரேக்கமும் இலத்தீனும் கற்ற ஒருவர் இப்பெயர்களைத் தற்செயலாகச் சூட்டியிருப்பார் என்று நம்மால் எண்ணக் கூடவில்லை.

கதை

கதை நிகழுமிடம் அர்கெந்தீனா நாட்டுக் கடற்கரை. பெத்ரோ சூரித்தா என்பவன் முத்துக்குளிப்புக் கப்பலொன்றின் தலைவன். கடலில் இறங்குவோர் அந்நாட்டுப் பழங்குடியினர். 'கடற்பேய்' ஒன்று உலவுவதாக எழுந்த அச்சத்தால் அவர்கள் குளிக்க மறுக்கின்றனர். அது பேயன்று, பிடித்துப் பழக்கினால் ஓராயிரம் குளியாளிகளின் வேலையைச் செய்யவல்ல ஓர் உயிர் என்று கணக்கிடுகிறான் சூரித்தா. அதனைப் பிடிக்க அவனுக்கு உதவுபவன் பல்தசார் என்னும் பழைய குளியாளி. பல்தசாரின் தம்பி கிறிஸ்தோ, உயர்ந்த மதில்களுக்குள் வாழும் சல்வாத்தோரின் இல்லத்தில் வேலையாளாக நுழைகிறான். அங்கேதான் இக்தியாண்டர் வளர்கிறான்.

பெத்ரோ, பல்தசார், கிறிஸ்தோ என்னும் இப்பெயர்கள் நமக்கு அயலானவை அல்ல. போர்த்துக்கீசியர் வழியே திருமுழுக்குப் பெற்ற நம் கடற்கரை ஊர்களின் பதிவேடுகளில் இத்தகைய பெயர்கள் நிரம்பியிருக்கின்றன. மூன்று அரசருள் ஒருவர் பெயரைச் சுமந்த அந்த ஏழைக் குளியாளியை நாம் மணப்பாட்டிலோ புன்னைக்காயலிலோ சந்தித்துவிடலாம் போலத் தோன்றும்.

இக்தியாண்டர், பல்தசாரின் வளர்ப்பு மகளான குத்தியேரேயின் மேல் அன்பு கொள்கிறான். அவளைச் சூரித்தா மணந்துகொள்கிறான். இக்தியாண்டரைப் பிடித்துச் சங்கிலியிட்டு, கடலுக்குள் இறக்கி முத்தெடுக்க வைக்கிறான். இதற்கிடையே கிறிஸ்தோ ஓர் உண்மையை அண்ணனிடம் வெளியிடுகிறான். பல ஆண்டுகளுக்கு முன் பல்தசாரின் மனைவி வழிப்பயணத்தில் பிள்ளை பெற்று இறந்தாள். உயிருக்குப் போராடிய குழந்தையைக் கிறிஸ்தோ சல்வாத்தோரிடம் கொண்டு சென்றான். குழந்தை இறந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது இக்தியாண்டரின் உடலிலுள்ள பிறவி மச்சத்தைக் கண்டு, அவனே அந்தக் குழந்தை என்று கிறிஸ்தோ தெளிந்திருக்கிறான். அப்படியாயின் பல்தசார் இத்தனை நாள் வலை வீசித் தேடியது தன் சொந்த மகனையே! பணத்தாசையால் மகனை வேட்டையாடிவிட்டோம் என்று அறியும் தகப்பனின் நெஞ்சை ஆசிரியர் சில பக்கங்களிலேயே காட்டிவிடுகிறார். நூலில் நம்மை மிகவும் உலுக்கிய பகுதி அதுவே.

நம் கடற்கரையில் வழங்கும் ஒரு வழக்கத்தை ஈண்டு நினைக்காதிருக்க இயலவில்லை. பண்டைய முத்துக்குளிப்பில் காலில் கல் கட்டி இறங்குபவனின் உயிர், படகில் கயிறு பிடித்து நிற்பவனின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தானையே தேர்ந்தார்கள் என்பர் பெரியோர். தன் அக்காளோ தங்கையோ கைம்பெண் ஆவதை அவன் பொறான் என்பது அதன் காரணம். கூலிக்கு அமர்த்த முடியாத நம்பிக்கை அது. பல்தசாரின் கதையில் கயிற்றைப் பிடித்திருந்தவன் சொந்தத் தம்பி. அவன் குழந்தையை உயிரோடு கரைசேர்க்கத்தான் முயன்றான். ஆனால் ஒரு பெரிய மனிதரின் சொல்லை நம்பிக் கயிற்றை விட்டுவிட்டான்.

ஆயரும் மருத்துவரும்

நூலின் இறுதிப் பகுதி நீதிமன்றத்தில் நிகழ்கிறது. கடவுளின் படைப்பைத் திருத்தத் துணிந்தார் என்று சல்வாத்தோர்மீது வழக்கு எழுகிறது. அதன் பின்னே நிற்பவர் அந்நகரின் ஆயர். 1925இல் அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், படிமலர்ச்சிக் கொள்கையைக் கற்பித்த ஆசிரியர் ஒருவர்மீது நடந்த வழக்கு உலகெங்கும் பேசப்பட்ட காலம் அது. சமயத்தைப் பழிப்பது அரசின் கொள்கையாக இருந்த நாட்டில், மூன்றாண்டுகளுக்குப்பின் எழுதிய பெலாயெவ், தம் ஆயரைத் தீயவராகவே வரைந்தார். படைப்பின் மேன்மையைப் பற்றி முழங்கும் அந்த ஆயர், இக்தியாண்டர் உயிரோடிருப்பதை விரும்பாமல் சிறைக் காவலரைத் தூண்டுகிறார்.

குருமடத்தில் இதனைப் படித்தபோது நமக்குச் சினம் வந்தது. இன்று படிக்கையில் சினத்தைவிட வெட்கமே மேலோங்குகிறது. கோட்பாட்டைக் காக்கும் ஆர்வத்தில் ஆளை மறந்துவிடும் ஆபத்து நம்மைப் போன்றோர்க்கு எப்போதும் உண்டு. அந்த ஆயர் மிகைப்படுத்தப்பட்டவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர் நமக்கு முற்றிலும் அறிமுகமற்றவர் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் இயலவில்லை.

ஆனால் ஆசிரியர் தம் மருத்துவரை நாம் எளிதில் நேசிக்க விடுகிறாரே தவிர, போதிய அளவு கேள்வி கேட்கவில்லை. நீதிமன்றத்தில் சல்வாத்தோர் திறம்படப் பேசுகிறார். பேராசை ஆளும் நாட்டில் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டால், படைத்தலைவர்கள் கப்பல்களைத் தகர்க்க நீர்நில மனிதர்களை உருவாக்குவார்கள் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானதே. எனினும், உயிரோடிருக்கும் குழந்தையை இறந்துவிட்டதாக அவர் சொன்னாரே! அந்தப் பொய் அவர் அறிவியலுக்குத் தேவையாயிருந்தது. பழங்குடி ஏழையின் பிள்ளை என்பதால் அது எளிதாயும் இருந்தது.

தொடக்க நூலில் யாக்கோபின் கதை நமக்குத் தெரியும். குருதியில் தோய்த்த அங்கியைக் காட்டி, யோசேப்பு இறந்துபோனான் என்று தகப்பனை நம்பவைத்தனர். யாக்கோபு ஆறுதல் பெற மறுத்தார். எனினும் மகனை மீண்டும் கண்டு தழுவும் பேறு அவருக்குக் கிட்டிற்று. பல்தசாருக்கு அதுவும் கிட்டவில்லை. நெடுங்காலம் நீரில் அடைக்கப்பட்டதால் இக்தியாண்டரின் நுரையீரல் கெட்டுவிடுகிறது. இனி அவன் கடலில் மட்டுமே வாழ இயலும். சிலருடைய துணையால் சிறையிலிருந்து தப்பி, தொலைதூரத் தீவொன்றை நோக்கி நீந்திப் போய்விடுகிறான். குத்தியேரே சூரித்தாவைப் பிரிந்து வேறொரு நல்லவனை மணக்கிறாள். சல்வாத்தோர் சிறைவாசம் முடிந்து தம் ஆய்வுக்குத் திரும்புகிறார். பல்தசாரோ, புத்தி பேதலித்த கிழவனாய்க் கரையில் நின்று, கடலைப் பார்த்து மகனின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருக்கிறான். நூல் அங்கேதான் முடிகிறது.

மீட்பர் எனப் பெயர் பெற்றவரும் ஆயரும் எதிரெதிரே நின்று பேசுகின்றனர். ஒருவர் படைப்பைப் பற்றியும் மற்றவர் அறிவியலைப் பற்றியும் வாதிடுகின்றனர். அந்தப் பையன் யாருடைய பிள்ளை என்னும் கேள்வியை நெஞ்சில் தாங்கி நிற்பவன் பல்தசார் ஒருவனே. ஆசிரியர் வேறெதில் சாய்ந்திருந்தாலும், கடைசிக் காட்சியை அவனுக்கே கொடுத்தார். அந்த ஒரு செயலுக்காகவே இந்நூலை நாம் மதிக்கின்றோம்.

படம் செய்த மாற்றம்

இனிப் படத்துக்கு வருவோம். விளாதிமிர் செபத்தார்யோவும் கென்னாதி கசான்ஸ்கியும் இணைந்து இயக்கிய இப்படத்தைச் சோவியத் நாட்டில் ஆறரைக் கோடிப் பேர் பார்த்தனர். கடலடிக் காட்சிகளைக் கிரிமியாவின் கடலிலும், நகரக் காட்சிகளைப் பாக்கு நகரின் பழைய தெருக்களிலும் எடுத்தனர். நாயகனாக நடித்த விளாதிமிர் கோரெனெவும் நாயகியாக நடித்த அனஸ்தாசியா வெர்தின்ஸ்கயாவும் கடலுக்குள் தாமே இறங்கி நடித்தனர். வெண்செதில் உடையில் நாயகன் நீந்திவரும் அழகும், நீல ஒளியும், ஆந்திரேய் பெத்ரோவின் இசையும் இன்றும் மங்கவில்லை. கணினி வித்தைகள் ஏதுமில்லாக் காலத்தில் இதனைச் செய்தவர்களின் உழைப்புக்கு நாம் தலைவணங்குகின்றோம். ஆங்கிலக் குரல் ஏற்றப்பெற்று இப்படம் அமெரிக்கத் தொலைக்காட்சி வரையிலும் சென்றது.

ஆனால் படத்தில் இக்தியாண்டர் சல்வாத்தோரின் சொந்த மகன். நுரையீரல் நோயால் சாகவிருந்த தம் பிள்ளையைக் காக்க அம்மருத்துவர் சுறாவின் செவுளைப் பொருத்தினார் என்பது படத்தின் கதை. இந்த ஒரு மாற்றத்தால் எத்தனை கேள்விகள் மறைந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். பிறர் பிள்ளையின் உடலில் கத்தி வைத்தவர், தம் பிள்ளையைக் காத்த அன்புத் தந்தையாகிவிட்டார். பொய் சொன்னவர் என்ற பழி நீங்கிவிட்டது. பிரிவின் துயரமும் அவருக்கே உரியதாகிவிட்டது. பல்தசாரோ நாயகியின் தகப்பன் என்னும் அளவில் சுருங்கி, இறுதியில் சூரித்தாவைக் கொல்பவனாகிறான். நூல் அவனுக்குத் தந்த கண்ணீரை எடுத்துக்கொண்டு, படம் அவனுக்குப் பழிவாங்கும் கையைத் தந்திருக்கிறது.

ஒன்றரை மணி நேரப் படத்தில் எல்லாவற்றையும் வைக்க முடியாது என்பது உண்மை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களை 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு படங்களுக்குள் அடக்கியபோது எத்தனையோ பகுதிகளை விடவேண்டியிருந்ததை நாமே கண்டோம். எனவே எவ்வளவு விடப்பட்டது என்று நாம் கணக்குப் பார்க்கவில்லை. யாருடைய பங்கு விடப்பட்டது என்றே கேட்கின்றோம். முத்துக்குளிப்பைப் பற்றிய ஒரு கதையில் முத்துக்குளிப்பவனின் உரிமை அழிக்கப்பட்டிருக்கிறது. உழைக்கும் மக்களின் ஆட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட நாட்டிலேயே அது நிகழ்ந்தது என்பது கவனிக்கத்தக்கது. வெளியார் என்போர் பிறநாட்டார் மட்டும் அல்லர். கடலில் ஒருநாளும் மூச்சடக்காத எவரும் அக்கதைக்கு வெளியாரே. அவர்களுக்கு நீந்துபவனின் அழகு புரிகிறது. கரையில் நிற்பவனின் அழுகை புரிவதில்லை.

கடல் கடந்த கதைகள்

ரஷ்ய விந்தைப் படங்கள் பிறநாடுகளுக்குப் போனபோது இதனினும் வெளிப்படையான மாற்றங்கள் நேர்ந்ததுண்டு. அலெக்சாந்தர் ப்தூஷ்கோ இயக்கி 1953இல் வெனிசு விழாவில் பரிசு பெற்ற 'சாத்கோ' படத்தைச் சான்றாகச் சொல்லலாம். நோவ்கோரோத் நகரின் இசைக்கலைஞன் ஒருவன் இன்பத்தைத் தரும் பறவையைத் தேடிக் கடற்பயணம் செய்யும் பழங்கதை அது. அவன் இந்தியாவுக்கும் வருகிறான்! 1962இல் அமெரிக்காவில் அப்படத்தை வெட்டி, ஆங்கிலக் குரல் சேர்த்து, சிந்துபாத்தின் பயணம் என்று பெயரிட்டு வெளியிட்டனர். ரஷ்ய நாட்டுப்புற நாயகன், பனிப்போர்க் காலத்து அமெரிக்கர்களுக்காக அரபு மாலுமியானான். வெளிப்படையான மாற்றம் என்பதால் இதனைக் கண்டுபிடிப்பது எளிது, சிரித்துவிட்டும் போகலாம். 2004இல் வந்த 'இரவுக் காவல்' படத்திலோ பெயரை மாற்றவில்லை. லுக்கியானென்கோவின் புதினத்தைத் தழுவிய அப்படத்தை ஆங்கிலம் பேசும் நாடுகளுக்கு அனுப்புகையில், திரையின் அடிவரிகளையே அசையும் ஓவியங்களாக்கினர். சில சொற்கள் குருதிபோல் நீரில் கரைந்தன. அயலார்க்காகச் செய்யும் வேலையிலும் கருத்தூன்ற முடியும் என்பதற்கு அது சான்று.

நம் மன்னார் வளைகுடாவுக்கும் இப்படியொரு கதை உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ழூல் வெர்ன் 1869, 1870ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கடலடிப் பயணப் புதினத்தில், நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நெமோ, மன்னார் முத்துப்பார்களுக்கு வருகிறான். அங்கே ஓர் ஏழைக் குளியாளியைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு அதன்மேல் பாய்கிறான். உடன்வந்த ஈட்டிக்காரன் சுறாவைக் கொல்கிறான். நெமோ அந்தக் குளியாளியின் கையில் முத்துகள் நிறைந்த பையொன்றைக் கொடுத்து அனுப்புகிறான். மனிதரை வெறுத்தவன் என்று கருதப்பட்ட நெமோ, ஒடுக்கப்பட்டோரின் நாட்டுக்கே தானும் உரியவன் என்று கூறுமிடம் அது. நம் கடலில் மூச்சடக்கியவர்களுக்கு உலக இலக்கியத்தில் கிடைத்த அரிய இடங்களுள் அதுவும் ஒன்று.

அந்த நெமோவை வெர்ன் முதலில் ரஷ்யர்களால் குடும்பத்தை இழந்த போலந்து நாட்டவனாகவே எண்ணியிருந்தார். ரஷ்யாவில் நூல் விற்பனை கெடும் என்று பதிப்பாளர் எட்செல் தடுத்தார். எனவே நாயகன் நாடற்றவனானான். பின்னர் வந்த 'மர்மத் தீவு' புதினத்தில்தான் அவன் புந்தேல்கண்டின் இளவரசன் தக்கார் என்று வெளியாயிற்று. அயல்நாட்டு வாசகர்களுக்காகச் செய்த மாற்றம் ஒன்று, நமக்கு ஓர் இந்திய நாயகனைத் தந்தது. ஆனால் 1954இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் எடுத்த புகழ்பெற்ற படத்தில் மன்னாரும் இல்லை, குளியாளியும் இல்லை. 1975இல் சோவியத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட 'கேப்டன் நெமோ'வே 1857 கிளர்ச்சியின் இந்திய இளவரசனைத் திரைக்கு மீட்டுக் கொண்டுவந்தது. ஆகவே, ரஷ்யர்கள் விட்டனர், அமெரிக்கர்கள் காத்தனர் என்றோ, அதற்கு மாறாகவோ தீர்ப்புச் சொல்ல நாம் முனையவில்லை. மாற்றங்களுக்கு எல்லா நாட்டாரும் காரணராய் இருந்திருக்கின்றனர். ஆயினும் கதை தொலைவு போகும்தோறும் குளியாளியே முதலில் கழற்றிவிடப்படும் நிலையை மீண்டும் மீண்டும் காண்கின்றோம்.

வேறு வகையிலும் இதனைச் செய்ய முடியும் என்பதற்கு இந்தச் சாயர்புரமே சான்று. 1840களில் இவ்வூரில் இருந்து கற்பித்த ஜி.யு. போப், பின்னாளில் 1886இல் திருக்குறளையும், தம் எண்பதாம் வயதில், 1900ஆம் ஆண்டில், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். திருவாசகத்தின் சமயமும் அவருடையது அன்று. எனினும் மணிவாசகரை அயலார்க்கு ஏற்ற வேறொருவராக அவர் மாற்றவில்லை. வாசகன் ஏறிவந்து அறியட்டும் என்று விளக்கங்களைச் சேர்த்தாரேயன்றி, நூலைக் கீழிறக்கவில்லை. கதையைக் கடல்கடத்துவோர் கற்கவேண்டிய பாடம் இது.

கயிறு

ஆண்டவர் சொன்ன முத்து உவமையை நாம் அடிக்கடி மறையுரையில் எடுத்தாள்கின்றோம். விலையுயர்ந்த முத்தைக் கண்ட வணிகர் தமக்குள்ளவற்றையெல்லாம் விற்று அதனை வாங்குகிறார். சூரித்தாவோ தனக்குள்ளதை விற்கவில்லை, பிறருக்குள்ளதை விற்கிறான். இத்தனை ஆண்டுகளாக அந்த உவமையை விளக்கிய நாமும், அந்த முத்தை மேலே கொண்டுவந்தவனைப் பற்றி ஒருநாளேனும் பேசினோமா என்று இப்போது எண்ணிப் பார்க்கின்றோம். பேசவில்லை. படம் எடுத்தவர்களைக் குறை கூறும் முன் இதனையும் சொல்லவேண்டியிருக்கிறது.

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 1973இல் இங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியின் உடலில் கருவைப் பொருத்தி முத்து விளைவித்தனர். சங்கு குளிப்பது மட்டும் தொடர்கிறது. இன்று குளிப்பவர்கள் படகிலுள்ள காற்றழுத்த இயந்திரத்தின் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகின்றனர். சுறாவின் செவுள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை; கிடைத்தது அந்தக் குழாய். ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு விரைந்து மேலேறினால், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி நரம்புகளைத் தாக்கும். கைகால் விளங்காமற் போவோர் உண்டு. கரை திரும்பாதோரும் உண்டு. நம்மிடம் கேள்வி கேட்ட முதியவரின் கால்கள் அப்படித்தான் உணர்விழந்தன.

சில நாட்களுக்குப்பின் அவரை வீட்டில் சந்தித்து, நூலின் கதையை முழுவதுமாகச் சொன்னோம். மருத்துவர் சொன்ன பொய்யையும், கரையில் நின்று கூவும் கிழவனையும் சொன்னோம். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "தம்பிக்காரன் கயித்த விட்டுட்டான் சாமி. ஆனா இவரு விடல, பாருங்க. இன்னும் நின்னு கூப்பிடுறாரு" என்றார். பல்தசாரை அவர் 'இவரு' என்று மரியாதையோடு சொன்னதை நாம் கவனித்தோம்.

வருகிற விடுமுறையில் அதே படத்தைப் பிள்ளைகளுக்கு மீண்டும் காட்ட எண்ணியுள்ளோம். நல்ல படம் அது; பார்க்கத்தக்கது. ஆனால் இம்முறை, படத்துக்கு முன் நூலின் கதையைச் சொல்வதாக இருக்கின்றோம். அதற்கும் முன்பாக, கடலுக்குள் இறங்குவது எப்படியிருக்கும் என்று அந்த முதியவர் பிள்ளைகளுக்குச் சொல்வார். அவரும் இசைந்திருக்கிறார்.